நிமோனியா வார்டின் கம்பியக்கா

ஈசிஜி வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் வரும்போது கம்பியக்காவின் ஒரு கை எப்போதும் மேல்கோட்டுப் பைக்குள் இருக்கும். எதையோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று புதிதாகச் சேர்ந்த நோயாளிகள் நினைப்பார்கள். பைக்குள் இருப்பது ஜெல் ட்யூப்தான். ஏசி அறையில் கிடந்த ஜெல்லை அப்படியே நெஞ்சில் தடவினால் காய்ச்சல்காரர்களுக்கு உடம்பு தூக்கிப்போடும். உடம்பு நடுங்கினால் தாளில் கோடும் நடுங்கும். அதனால் ட்யூபைக் கைச்சூட்டில் வைத்தபடியே வருவாள். இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

நெஞ்சில் ஆறு, கைகால்களில் நான்கு என்று பத்துக் கம்பிகளையும் மாட்டிவிட்டு, வீட்டில் படுத்திருப்பதுபோல் சாதாரணமாகப் படுங்கள் என்பாள். வீட்டில் படுக்க முடிந்தால் இங்கே எதற்கு வருகிறேன் என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். ஆயிரம் தடவை கேட்ட பேச்சுதான். ஆனாலும் முதல் தடவை கேட்பதுபோல் சிரிப்பாள். அவள் சிரித்தால் அவர்களும் சிரிப்பார்கள், சிரித்து முடிந்ததும் உடம்பு தளரும். அந்த நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்துவாள்.

டாக்டர் படிப்பெல்லாம் அவளுக்குக் கிடையாது. பள்ளிக்கூடம் முடித்துச் சில வருஷம் துணிக்கடையில் நின்றாள். கால் வீங்கியதுதான் மிச்சம். பிறகு ஒரு வருஷப் படிப்பு படித்து இந்த வேலைக்கு வந்தாள். தாளை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை, தாள் என்ன சொல்கிறது என்று சொல்வது டாக்டர் வேலை. அந்த எல்லையை அவள் தாண்டியதில்லை. ஆனால் இத்தனை வருஷம் பார்த்த கண் சும்மா இருக்குமா? தாள் வெளியே வந்து முடிவதற்குள் அது பாட்டுக்குப் படித்துவிடும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதக்காரி. தனித்தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, பக்கத்தில் பழைய தாள் வேண்டும் என்பாள். "பழைய ஈசிஜி இருக்கா? வீட்டுல தேடிப் பாருங்க" என்று நோயாளிகளின் பெண்டாட்டிகளையும் பிள்ளைகளையும் அவள் விரட்டாத நாள் இல்லை.

நுரையீரல் நோயாளிகள் படுத்திருக்கும் வார்டில் அவளுக்கு அதிகம் வேலை இருந்ததில்லை. சேரும் அன்றைக்கு ஒரு ஈசிஜி, அதோடு சரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஓவிய வாத்தியார் அங்கே வந்து சேர்ந்ததிலிருந்துதான் கதை மாறியது.

வாத்தியாருக்கு நிமோனியா. வயது அறுபத்தொன்று, சர்க்கரையும் உண்டு. முதல் நாள் ஈசிஜி நன்றாகத்தான் இருந்தது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, எழுந்து உட்கார்ந்தார், சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் ஹெட் நர்ஸின் முகத்தை வரைந்து கொடுத்தார். பார்த்துவிட்டு வார்டே சிரித்தது. ஐந்தாம் நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் வாஷ்பேசின் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். மாரடைப்பு. எல்லோரும் ஓடி வந்தார்கள், என்னென்னவோ செய்தார்கள். வாத்தியார் திரும்பவில்லை.

யார் மீதும் தப்பில்லை. நுரையீரலுக்காக வந்தவர், நுரையீரல் தேறுகிறதா என்று பார்த்தார்கள், தேறிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது ஈசிஜி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான். ஒரு வாரம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், வார்டின் நெஞ்சக டாக்டர் தனியாக இருந்த நேரம் பார்த்து அறைக்குள் போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்: நிமோனியாக்காரருக்கு இதயம் ஏன் நின்றது?

டாக்டர் அவளைவிடப் பத்து வயது இளையவர், அதிகம் பேசாத பெண். ஆனால் அன்றைக்குப் பொறுமையாக விளக்கினார். நெஞ்சில் கிருமி புகுந்து உடம்பெல்லாம் கொதிக்கும்போது ரத்தம் உறையும் பக்கமே சாய்ந்து நிற்கும். ஆக்ஸிஜன் குறையும். இருக்கும் கொஞ்சத்தை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்க இதயம் இரட்டை வேலை செய்யும். ஏற்கனவே நலிந்த இதயமாக இருந்தால், அந்த வாரத்திலோ அடுத்த சில வாரங்களிலோ காலை வாரிவிடலாம். காய்ச்சல் விட்ட பிறகும் அந்த ஆபத்து உடனே போய்விடாது. இதெல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான் என்று முடித்தார்.

"புத்தகத்துல இருக்குன்னா வார்டுல ஏன் இல்ல டாக்டர்?" என்றாள் கம்பியக்கா.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நிமோனியாவுடன் சேருகிறவர்களில் ஐம்பது தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருப்பவர்கள், முன்பே இதயத்தில் கோளாறு உள்ளவர்கள், இவர்களுக்கு முதல் ஐந்து நாள் தினம் ஒரு ஈசிஜி. ஆஸ்பத்திரியின் சட்டம் இல்லை, இரண்டு பேருக்குள் ஒரு பேச்சு. கூட வேலை பார்த்தவர் முணுமுணுத்ததால் அந்த நடை முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டாள். அதில் எத்தனையோ தாள்கள் ஒன்றும் சொல்லவில்லை. சில தாள்கள் சொல்லின. அப்படி இரண்டு மூன்று பேர் தப்பித்ததை டாக்டர் அவளிடம் சொன்னார். அவள் வெளியே யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில் தவிர.

வீட்டில் அதைக் கேட்க ஒரே ஆள்தான், அவள் புருஷன். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக், வயது ஐம்பத்தெட்டு. உயரமான கட்டடங்களில் லிஃப்ட் ஓடும் கூண்டுக்குள் இறங்கி, கயிறும் சக்கரமும் சரிபார்க்கிற வேலை. அவருக்கு வாய் ஓயாது. "நான் மேல கீழ போற ஆளு, இவ கோடு குறுக்க போற ஆளு, நடுவுல சந்திச்சுக்கிட்டோம்" என்று வருகிற விருந்தாளியிடமெல்லாம் சொல்வார். இருபத்தாறு வருஷமாக அதே ஜோக். அவள் கண்ணை மட்டும் உருட்டுவாள்.

ஊரெல்லாம் நெஞ்சில் கம்பி மாட்டியவளால் சொந்தப் புருஷனுக்கு ஒரு தடவை மாட்ட முடியவில்லை. கெஞ்சினாள், மிரட்டினாள், ஒரு தடவை மகளை விட்டுப் பேசச் சொன்னாள். தினமும் முப்பது மாடிக் கயிற்றில் தொங்குகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நழுவிவிடுவார்.

போன வருஷ மழையில் ஒரு கட்டடத்தில் லிஃப்டின் அடிப்பள்ளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் நின்று வேலை பார்த்தார். இருமல் வந்தது. தூசி என்றார். காய்ச்சல் வந்தது. அலுப்பு என்றார். புதன்கிழமை காலை அவள் டீயோடு வந்து பார்த்தபோது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு பூட்ஸை மாட்டிக்கொண்டு, மற்றதை மாட்டத் தெம்பில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் மூச்சை எண்ணினாள். நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு. உதட்டில் நீலம் தட்டியிருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஆம்புலன்ஸுக்குப் பேசி முடித்துவிட்டாள்.

அவசரப் பிரிவில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக அடைத்திருந்தது. ஈசிஜி எடுக்க வேறொருவரைக் கூப்பிடட்டுமா என்று நர்ஸ் கேட்டாள். வேண்டாம், நானே எடுக்கிறேன் என்றாள் கம்பியக்கா. இடம் தப்பாமல் கம்பிகளை மாட்டினாள். ஆனால் ஜெல்லைச் சூடாக்க மறந்துபோனாள். அவர் துள்ளி விழுந்தார்.

"ஊருக்கெல்லாம் சூடா, புருஷனுக்கு மட்டும் ஐஸா?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தாள் வெளியே வரத் தொடங்கியிருந்தது. ஒல்லியாக, கூர்மையாக நிற்க வேண்டிய அலைகள் அகன்று, நுனியில் பிளந்து நின்றன. இதயத்தின் இடப்பக்கத்துக்கு மின்சாரம் போகும் கிளையில் அடைப்பு. இப்போதுதான் புதிதாக வந்தது என்றால் உள்ளே ஒரு மாரடைப்பு நடந்துகொண்டிருக்கலாம். பழையது என்றால் கதை வேறு. தாளை எடுத்துக்கொண்டு திரும்பினால் நெஞ்சக டாக்டர் பின்னால் நின்றிருந்தார். தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அக்கா, பழைய ஈசிஜி ஏதாவது இருக்கா?"

எத்தனை குடும்பங்களை அவள் துரத்தித் துரத்திக் கேட்ட கேள்வி. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது கட்டிலில் இருந்தவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் ஒரு விரலைத் தூக்கினார்.

"இருக்கு" என்றார். "வொர்க்ஷாப் லாக்கர்ல. நீல ஃபைல்."

நான்கு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் எல்லோருக்கும் உடம்புப் பரிசோதனை நடந்திருக்கிறது. அன்றைக்கு எடுத்தது. இதய டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொல்லிக் கடிதமும் கொடுத்திருக்கிறார்கள். மூச்சு வாங்க வாங்க, துண்டு துண்டாகச் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு டாக்சி பிடித்தாள்.

வொர்க்ஷாப்பில் கிரீஸ் வாடை. சுவரெல்லாம் இரும்புக் கயிறுகள் சுருள் சுருளாகத் தொங்கின. சூப்பர்வைசர் லாக்கரைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். உள்ளே கையுறை இரண்டு ஜோடி, டார்ச், உடைந்த மூக்குக்கண்ணாடி, ஒரு ஸ்பூன். அடியில் நீல ஃபைல். ஈசிஜி தாள் மடங்காமல் பத்திரமாக இருந்தது. அதோடு ஒட்டிய கவரில் இதய டாக்டருக்கான கடிதம். கவரின் மேல் அவருடைய கோணல் கையெழுத்தில் "நேரம் கிடைக்கும்போது" என்று எழுதியிருந்தது.

அவள் இன்றைய தாளின் படத்தை போனில் வைத்துக்கொண்டு, பழைய தாளை ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்தாள். அதே அகன்ற அலை, அதே பிளவு. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்திவிடும். உடனே படமெடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். அங்கே கிடந்த கருவிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்முன் பதில் வந்தது: பழையதுதான் அக்கா, நல்ல வேளை. அதைப் படித்த பிறகுதான் அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எதற்கு அழுகிறோம், யார்மேல் கோபம் என்று பிரிக்க முடியவில்லை.

இதயத் தசை சேதமாகிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையை இரண்டு தடவை செய்தார்கள். அளவு கொஞ்சம் ஏறியிருந்தது, மேலே மேலே ஏறவில்லை. மாரடைப்பு இல்லை. ஆனால் ஸ்கேனில், இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்திருப்பது தெரிந்தது. அது நான்கு வருஷமாகச் சத்தமில்லாமல் களைத்துக்கொண்டே வந்திருக்கிறது. இனி அதைக் காப்பாற்றிக்கொண்டேதான் நிமோனியாவை விரட்ட வேண்டும் என்றார் டாக்டர். சொன்னபடியே செய்தார். ட்ரிப்ஸை அளந்து, மெதுவாக ஏற்றச் சொன்னார். களைத்த இதயத்துக்கு அதிகத் தண்ணீர் ஆகாது, அது நுரையீரலிலேயே தேங்கிவிடும். நிமோனியா மருந்துகளில் சில, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியவை. அவற்றை விட்டுவிட்டு வேறு எழுதினார். மானிட்டர் உள்ள கட்டில் கொடுத்தார். காலையில் எடை, ரத்தத்தில் உப்புகளின் அளவு, தினம் ஒரு ஈசிஜி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் மாட்டினார்.

மறுநாள் மத்தியானம் வரை கம்பியக்கா அவரிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. சூப் ஊட்டினாள், முகம் துடைத்தாள், தலையணையைத் தட்டிப் போட்டாள், எல்லாம் வாய் திறக்காமல். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டிவிடு என்று அவரே ஆரம்பித்தார்.

"ஏங்க மறைச்சீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். நாற்பத்தொரு வயதில், நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது போனவர். அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே நடந்தது. இத்தனை வருஷத்தில் அண்ணன் பேச்சு வந்தால் சேட்டைகளைச் சொல்லிச் சிரிப்பாரே தவிர, அந்த நாளைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

"டாக்டர்கிட்ட போனா அவர் பேப்பர்ல எழுதிடுவாரு. எழுதிட்டா உண்மையாயிடும்னு தோணுச்சு."

"எழுதலைன்னாலும் உண்மைதாங்க" என்றாள் அவள். போர்வையை இழுத்துவிட்டு, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள். அவர் கையை நீட்டினார். ஊசி குத்திய கை. அவள் அதை ஜாக்கிரதையாகத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளால் கோபமாக இருக்க முடியவில்லை, முயற்சி செய்து பார்த்தும்.

நான்காம் நாள் காய்ச்சல் சுத்தமாக விட்டது. ஆக்ஸிஜனை எடுத்தார்கள். மானிட்டர் கட்டில் வேறொருவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டதால், காலையில் அவரைச் சாதாரணக் கட்டிலுக்கு மாற்றினார்கள். வாய் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டாவது மாடியில் ஒரு விரல்கடை கீழே நிற்கிறது, வீல்சேரில் வந்தபோதே கவனித்தேன், ஆளைக் கூப்பிடுங்கள் என்று ஹெட் நர்ஸிடம் புகார் கொடுத்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு மேல கீழ ஜோக்கைச் சொன்னார். நாளைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவராக முடிவுகட்டிவிட்டார்.

பத்தரை மணிக்குக் கம்பியக்கா வண்டியோடு வந்தாள். ஜெல் சூடாக இருந்தது. மாட்டுவதற்கு முன் வழக்கம்போல் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு துடிப்பு, உடனே ஒன்று, பிறகு ஓர் இடைவெளி, பிறகு மூன்று சேர்ந்து. பொத்தானை அழுத்தினாள். தாளில் அலைகள் இஷ்டத்துக்குத் தள்ளித் தள்ளி விழுந்திருந்தன. நிமிஷத்துக்கு நூற்று முப்பத்தெட்டு. நேற்றைய தாள் வண்டியிலேயே இருந்தது. அதில் ஒவ்வோர் அலையும் வரிசையாக நின்றிருந்தது.

"நெஞ்சுல ஏதாவது தெரியுதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமி..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். "கட்டில் மாத்தினதுல இருந்து உள்ள யாரோ ஓடுற மாதிரி இருக்கு. சொன்னா வீட்டுக்கு விடமாட்டாங்கன்னு சொல்லல."

"இப்ப சொன்னீங்கல்ல, போதும்."

அவள் நர்ஸைக் கூப்பிட்டாள், நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். பத்து நிமிஷத்தில் மறுபடி மானிட்டர் தேடிக் கொண்டுவந்து மாட்டினார்கள். இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கின்றன, நிமோனியாக்காரர்களுக்கு இப்படி வருவது உண்டு, சீக்கிரம் பார்த்தது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். அப்படியே விட்டிருந்தால் உள்ளே ரத்தம் உறைந்து மூளைக்குப் போயிருக்கலாம், அல்லது ஏற்கனவே களைத்த இதயம் ஓடி ஓடி ஓய்ந்திருக்கலாம். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது, ஏற்றினார்கள். ஓட்டத்தைக் குறைக்க ஒரு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று.

அன்றைக்கு மீதி வார்டுகளை முடித்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள், மானிட்டரைப் பார்த்தபடியே இருந்தாள். நூற்று முப்பது, நூற்று இருபத்து நான்கு, நூற்றுப் பத்து. அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை. திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புருவம் சுருங்குகிறதா விரிகிறதா என்று பார்த்தே நிலவரம் தெரிந்துகொண்டார். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு இதயம் தானாகவே வரிசைக்குத் திரும்பியது. அவள் ஒரு ஈசிஜி எடுத்து, தேதியும் நேரமும் எழுதி, தேவையே இல்லாமல் அதற்கு இரண்டு நகல் எடுத்தாள்.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். நான்கு வருஷத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டிய மாத்திரைகளையும் இப்போது எழுதிக் கொடுத்திருந்தார்கள். கம்பெனியில் இனிக் கூண்டுக்குள் இறங்க வேண்டாம், கீழே இருந்து மேற்பார்வை பாருங்கள் என்றார்கள். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, கீழே இருந்துகொண்டு மேலே இருப்பவர்களை அதட்டுவதில் ஒரு சுகம் இருப்பதைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

அவர் தலைமாட்டில் மாட்டியிருந்த தாளை நெஞ்சக டாக்டர் செப்பனிட்டு அச்சடித்தார். நிமோனியாவோடு சேருகிற ஒவ்வொருவர் கட்டிலிலும் இப்போது அது தொங்குகிறது: நாடி, எடை, ட்ரிப்ஸ் அளவு, ஈசிஜி, பழைய ஈசிஜி கிடைத்ததா இல்லையா. கடைசிக் கட்டம் கம்பியக்கா கேட்டு வாங்கிச் சேர்த்தது. கூட வேலை பார்ப்பவரும் இப்போது முணுமுணுப்பதில்லை, பாதி வார்டை அவர் எடுத்துக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் வலு கொஞ்சம் கூடியிருந்தது. முழுசாக இல்லை, முன்னைக்கு இப்போது தேவலை. திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள், வெயில் நன்றாக ஏறியிருந்தது. அவள் வாட்சைப் பார்த்தபடி அவர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணத் தொடங்கினாள். வரிசையில் நின்ற ஒரு இளம்பெண் அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தியா, இந்த வயசுலயும் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு நினைக்குது அந்தப் பொண்ணு" என்றார் அவர் காதோரமாக.

"நினைச்சுட்டுப் போகட்டும். பேசாம இருங்க, எண்ணிக்கை தப்புது."

பஸ் வந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள். அவளுக்கு இன்னும் அரை நிமிஷம் பாக்கி இருந்தது. அவர் பேசாமல் நின்றார்.